மீள்வது, மீளாதது என்பது அளவுகோல் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பொருள்களின் மாற்றங்களைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எளிய நடையில், தெளிவான படங்களுடன் அமைந்திருந்த அக்கட்டுரையில், மாணவர் மனத்தில் ஊன்றிவிட்டால் பிற்பாடு களைவதற்கு அரிய இரண்டு கூற்றுகளும், செய்து பார்த்தால் எதிர்மாறான முடிவைக் காட்டக்கூடிய ஒரு செய்முறையும் இடம்பெற்றிருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பழைய நிலைக்குத் திருப்பக்கூடியது இயற்பியல் மாற்றம், திருப்ப முடியாதது வேதியியல் மாற்றம் என்பது முதல் கூற்று. இதைக் கட்டுரையாளர் புதிதாகச் சொல்லவில்லை. பல காலமாக வகுப்பறைகளில் சொல்லப்பட்டு வருவதுதான். ஆனால் இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நான்கு பொருள்களை அளந்தாலே அது பிசகிவிடும். கண்ணாடிக் குவளை விழுந்து நொறுங்கினால் அதைப் பழைய குவளையாக எவராலும் சேர்க்க முடியாது; ஆனாலும் ஒவ்வொரு சில்லும் அதே கண்ணாடிதான். இரண்டு வாயுக்கள் கலந்துவிட்டால் அவை தாமாகப் பிரிவதில்லை. ஆனாலும் அங்கே புதிய பொருள் எதுவும் தோன்றிவிடவில்லை. மாறாக, நீல நிற மயில்துத்தப் (காப்பர் சல்பேட்) படிகங்களைச் சூடாக்கினால், படிகத்தில் பிணைந்திருந்த நீர் வெளியேறி வெள்ளைத் தூள் மிஞ்சுகிறது. அத்தூளின்மீது சில சொட்டு நீர் விட்டதும் நீலம் திரும்பிவிடுகிறது. பாதரசத்தைக் காற்றில் அதன் கொதிநிலையை ஒட்டிப் பல நாள்கள் சூடாக்கினால் மேற்பரப்பில் சிவப்பு ஆக்சைடு படிகிறது. அந்த ஆக்சைடையே இன்னும் கடுமையாகச் சூடாக்கினால் பாதரசமும் ஆக்சிஜனும் மீண்டும் தனித்தனியே கிடைக்கின்றன. ஈயமும் ஈய டை ஆக்சைடும் கந்தக அமிலமும் கொண்ட வாகன மின்கலம், மின்னேற்றம் செய்யும்போதெல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது; அதில் நிகழும் வேதிவினைகள் மீளக்கூடியவையாக இல்லாவிட்டால் அக்கலத்தை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிய வேண்டியதுதான்.

ஆகவே மாணவர் கேட்க வேண்டிய கேள்வி, மாற்றத்துக்குப் பின் இருப்பது அதே பொருளா, வேறு பொருளா என்பதே ஆகும். பனிக்கட்டி, நீர், நீராவி ஆகிய மூன்றிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த அதே மூலக்கூறுதான் இருக்கிறது. மாறுவது மூலக்கூறுகள் நெருங்கியும் விலகியும் இருக்கும் விதம் மட்டுமே. நிறமாற்றம், குமிழிகள், வெப்பம் போன்றவற்றை வேதியியல் மாற்றத்தின் அடையாளங்களாகக் கட்டுரை பட்டியலிட்டது. அவை துப்புகள்தாம், சான்றுகள் ஆகா: பழுக்கக் காய்ச்சிய இரும்பு சிவக்கிறது, கொதிக்கும் நீரில் குமிழிகள் எழுகின்றன, இரண்டுமே இயற்பியல் மாற்றங்கள். எல்லைக் கோட்டில் நிற்கும் நிகழ்வுகளும் உண்டு. ஹைட்ரஜன் குளோரைடு வாயு நீரில் கரையும்போது அதன் மூலக்கூறுகள் மின்னூட்டம் கொண்ட துகள்களான அயனிகளாகப் பிரிந்துவிடுவதால், அதை வெறும் கரைதல் என்று ஒதுக்கிவிட முடியாது. இத்தகைய ஐயங்களை மாணவரிடமிருந்து மறைப்பதைவிட அவற்றைச் சொல்லிக்கொடுப்பதே மேல் என்பது என் கருத்து.

இரண்டாவது கூற்றுதான் என்னை அதிகம் உறுத்தியது. மெழுகுவர்த்தி எரிய எரிய அதன் நிறை வெப்பமாகவும் ஒளியாகவும் மாறிவிடுகிறது என்று எழுதப்பட்டிருந்தது. மெழுகு, கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த சேர்மங்களான பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, 25 கார்பன் அணுக்களும் 52 ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட ஒரு வகை மூலக்கூறை மட்டும் எடுத்துக்கொள்வோம். அத்தகைய மெழுகு 352 கிராம் முழுமையாக எரிவதற்குக் காற்றிலிருந்து 1,216 கிராம் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. விளைவாகக் கிடைப்பவை 1,100 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 468 கிராம் நீராவியும். எரிவதற்கு முன் இருந்தவற்றைக் கூட்டினாலும் 1,568 கிராம், எரிந்தபின் இருப்பவற்றைக் கூட்டினாலும் 1,568 கிராம். அதாவது மெழுகுவர்த்தி குறைந்துகொண்டே வருவதைக் கண் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அது இழக்கும் ஒவ்வொரு கிராம் மெழுகுக்கும் மூன்று கிராமுக்குச் சற்று அதிகமான கார்பன் டை ஆக்சைடும் ஒன்றேகால் கிராமுக்கு மேற்பட்ட நீராவியும் அறைக் காற்றில் சேர்கின்றன. வரவை எழுதாமல் செலவை மட்டும் எழுதிய கணக்கு நட்டத்தைத்தானே காட்டும்?

கண்ணுக்குத் தெரியாத வாயுவைக் கணக்கில் சேர்ப்பதற்கு மனிதர்களுக்கு வெகு காலம் ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டில் யான் பாப்டிஸ்டா வான் ஹெல்மாண்ட் என்னும் வேதியியல் அறிஞர், 62 பவுண்டு ஓக் மரக்கரியை எரித்தால் 1 பவுண்டு சாம்பலே மிஞ்சுவதைக் கண்டு, மீதி 61 பவுண்டும் வாயுவாக வெளியேறியதாகக் கூறினார். பாதி உண்மை அதில் உண்டு. ஆனால் எரிதலில் காற்றும் பங்கேற்பதால் வெளியேறிய வாயுவின் நிறை 61 பவுண்டைவிட மிக அதிகமாக இருந்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அதே நூற்றாண்டில் வேதியியல் அறிஞர் ராபர்ட் பாயில், மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் கலத்தில் உலோகத்தைச் சூடாக்கிவிட்டு, கலத்தைத் திறந்தபின் எடை போட்டார். எடை கூடியிருந்தது. நெருப்பின் நுண்துகள்கள் கண்ணாடியை ஊடுருவி உலோகத்தோடு சேர்ந்துவிட்டன என்று அவர் முடிவு செய்தார். திறந்தபோது சீறிக்கொண்டு உள்ளே புகுந்த காற்றை அவர் பொருட்படுத்தவில்லை. 1756இல் ரஷ்ய அறிஞர் மிகயீல் லொமொனோசொவ் கலத்தைத் திறக்காமலேயே எடை போட்டு, எந்த மாற்றமும் இல்லை என்று கண்டார். 1774இல் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் அந்துவான் லவாய்சியே வெள்ளீயத்தை வைத்து இதே சோதனையைச் செய்து, மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார்: மூடிய கலத்தின் எடை மாறவில்லை என்பதோடு, திறந்தபின் உள்ளே புகுந்த காற்றின் எடையும் வெள்ளீயம் பெற்றிருந்த கூடுதல் எடையும் ஏறத்தாழச் சமம் என்பதையும் காட்டினார். ஒரே சோதனை, திறந்து நிறுத்தால் ஒரு விடை, திறக்காமல் நிறுத்தால் வேறு விடை. வேதிவினைக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை ஒன்றே என்னும் நிறை மாறா விதியின் முழுப் பொருளும் இந்த வேறுபாட்டுக்குள் அடங்கியிருப்பதால், மாணவருக்கான எந்தக் கட்டுரையும் ‘மூடிய அமைப்பில்’ என்னும் சொற்களை விட்டுவிட்டு அவ்விதியைக் கூறலாகாது.

கட்டுரையின் இறுதியில் தரப்பட்டிருந்த செய்முறைக்கு வருகிறேன். புட்டியில் வினிகரையும், அதன் வாயில் மாட்டிய பலூனுக்குள் சமையல் சோடாவையும் வைத்து, பலூனைத் தூக்கிச் சோடாவைக் கொட்டினால் பலூன் உப்பும், தராசில் எடை மாறாது என்று அதில் கூறப்பட்டிருந்தது. நுட்பமான மின்னணுத் தராசு வைத்திருக்கும் மாணவர் இதைச் செய்து பார்த்தால் எடை குறைவதையே காண்பார். காரணம் வாயு கசிவது அன்று. 4.2 கிராம் சோடா முழுமையாக வினைபுரிந்தால் 2.2 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளிப்படும். அறை வெப்பநிலையில் அதன் பருமன் சுமார் 1.2 லிட்டர். பலூன் அந்த அளவுக்கு உப்பும்போது அதே பருமனுள்ள வெளிக்காற்றை இடம்பெயர்க்கிறது. ஒரு லிட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிராம் என்பதால், காற்று பலூனை மேல்நோக்கித் தள்ளும் மிதப்பு விசை காரணமாகத் தராசு ஏறக்குறைய 1.4 கிராம் வரை குறைத்துக் காட்டக்கூடும். நிறை அப்படியே இருக்கிறது. தராசு உணரும் விசைதான் குறைகிறது. மேல்வகுப்பு மாணவருக்கு இது அருமையான பாடம். இளையவர்களுக்கோ, விதியே பொய் என்ற எண்ணத்தை இச்செய்முறை ஏற்படுத்திவிடும்.

நிறை ஆற்றலாக மாறும் என்று ஐன்ஸ்டைன் 1905இல் கூறவில்லையா என்று கட்டுரையாளர் கேட்கலாம். கூறினார். ஆனால் 12 கிராம் கார்பன் எரிந்து 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும்போது வெளிப்படும் சுமார் 394 கிலோஜூல் ஆற்றலுக்கு ஈடான நிறையைக் கணக்கிட்டால், அது மொத்த நிறையில் ஏறத்தாழ ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியல் அறிஞர் ஹான்ஸ் லாண்டோல்ட் பல ஆண்டுகள் உழைத்து, மூடிய கண்ணாடிக் குழாய்களுக்குள் வேதிவினைகளை நிகழ்த்தி, சுமார் கோடியில் ஒரு பங்கு வரை துல்லியமாக நிறுத்துப் பார்த்தும் எந்த மாற்றத்தையும் காணவில்லை என்பதில் வியப்பில்லை. யுரேனியம் அணுக்கருப் பிளவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைகிறது. அது வேறு கதை. மெழுகுவர்த்தி அணு உலை அன்று.

எனவே மாணவர் பக்கத்தில் ஒரு திருத்தக் குறிப்பை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பலூன் செய்முறைக்கு மாற்றாக, வாயு வெளிப்படாத ஒரு வினையைத் தரலாம்: கால்சியம் குளோரைடு கரைசலையும் சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) கரைசலையும் தனித்தனிக் குவளைகளில் எடுத்து, இரண்டையும் ஒன்றாகத் தராசின்மீது வைத்து நிறுத்தபின், ஒன்றை மற்றொன்றில் ஊற்றி, வெறுமையான குவளையையும் சேர்த்தே மீண்டும் நிறுக்க வேண்டும். தெளிந்த இரு நீர்மங்களிலிருந்து வெண்ணிறக் கால்சியம் கார்பனேட் திண்மமாகப் பிரிந்து வீழ்படிவதை மாணவர் கண்ணால் காணலாம். தராசின் எண்ணும் மாறாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்