அடுத்த தடவை மலைக்கு வரும்போது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல், அது எப்போதும் இருப்பதுதான். தங்கச்சி உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று விடிய விடிய லைட்டைப் போட்டு வைக்கிறாள்.

கீழ் வீட்டுப் பையன் போனில் உன் படங்களைக் காட்டினான். ஆபீஸ் பிள்ளைகளோடு நுவரெலியா, எல்ல எல்லாம் சுற்றியிருக்கிறாய். நல்லது. எந்த நேரமும் வேலை என்று கிடக்காமல் நாலு இடம் பார்க்கத்தான் வேண்டும். கொஞ்சம் இளைத்திருக்கிறாய். ஆனால் ரயில் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே போட்டுத் தொங்குகிறாயே, அதைப் பார்த்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளைக்காரன் போட்ட பாதை, பாறை கைக்கெட்டும் தூரத்தில் வரும். ஹட்டன் தாண்டியதும் வரும் சிங்கமலைச் சுரங்கம் மட்டுமே அரைக் கிலோமீட்டருக்கு மேல். இப்படிப் படம் எடுக்கப் போய் வெளிநாட்டுப் பிள்ளைகள் விழுந்து செத்திருக்கிறார்கள். இனி தொங்காதே.

சுரங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு ரயில் ஹட்டனில் எவ்வளவு நேரம் நின்றது? ஒற்றைப் பாதைதானே, சில நாள் எதிர் ரயில் வரும்வரை நிறுத்தி வைப்பார்கள். அதனால்தான் கேட்டேன்.

கிரகரி வாவியில் படகு ஏறியிருக்கிறாய். அது 1873இல் கவர்னர் கிரகரி கட்ட வைத்த குளம் என்று அப்பா சொன்னார். சீத்தா எலியவில் அம்மன் கோயிலுக்குப் போனாயா? படத்தில் காணவில்லை. போயிருந்தால் ஆற்றோரப் பாறையில் அனுமார் பாதம் என்று காட்டியிருப்பார்கள். ஒன்பது வளைவுப் பாலத்தில் எடுத்த படம் அழகாக இருக்கிறது. 1921இல் கட்டியது இன்னும் அசையாமல் நிற்கிறதே.

குளமும் மலையும் பார்க்கத்தான் ஆசை என்றால், அடுத்த தடவை அவர்களை இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வா. நம் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு முன்னால் கிரகரி வாவி எந்த மூலைக்கு? கொழும்பில் இருந்து பஸ்ஸில் அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு வரலாம், கதவில் தொங்க வேண்டியதில்லை. டிக்கோயா தாண்டினால் தண்ணீர் தெரிய ஆரம்பித்துவிடும். மேட்டில் வார்லி தேவாலயம் இருக்கிறது, 1878இல் கட்டிய கல் கட்டடம். அதன் கல்லறைப் பக்கம் நின்று குளத்தைப் பார்த்தால் உன் சிநேகிதர்கள் போனை கீழே வைக்க மாட்டார்கள். கரையோரத்துத் துரை பங்களாக்கள் எல்லாம் இப்போது ஹோட்டல். ஒரு ராத்திரி வாடகை எங்களுக்குப் பல மாதச் சம்பளம். அங்கே தங்க வேண்டாம். நம் வீட்டில் இடம் இருக்கிறது.

உனக்கு எழுதினேனோ இல்லையோ, பின்னால் ஒட்டினாற்போல் பாத்ரூம் கட்டியாகிவிட்டது. டைல்ஸ் போட்டாகிவிட்டது, கக்கூஸும் உள்ளேயே. நீ அனுப்பிய பணம்தான். முன் காம்பரா அறைக்கும் சிமெந்து பூசி வெள்ளை அடித்தோம். இஸ்தோப்புத் திண்ணையில் விறகு அடுக்குவதில்லை. மழைக்கு ஒழுகுவதும் நின்றுவிட்டது.

நோர்வூட்டில் இருந்து மஸ்கெலியாவுக்கு வாருங்கள். நீ சின்னப் பிள்ளையில் தாத்தா மடியில் கேட்ட கதைதான், ஆனால் அவர்களுக்குத் தெரியாதே. 1969இல் மவுசாகலை அணையைக் கட்டி முடித்தபோது பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. இப்போது இருப்பது மேட்டில் புதிதாகக் கட்டிய டவுன். கடும் வறட்சி வந்தால் தண்ணீர் இறங்கி பழைய கோயிலும் பௌத்த பன்சலையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். தாத்தா அந்தச் சேற்றில் இறங்கி, தான் வேட்டி வாங்கிய கடை எங்கே இருந்தது என்று தேடுவார். காசல்ரீ அதற்கு முன்னால், 1965இல். அந்தத் தண்ணீர் மலைக்குள் போட்ட சுரங்கத்தில் நோட்டன் பிரிட்ஜுக்குப் போய் விமலசுரேந்திர மின்நிலையத்துச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. "உன் மகன் ஆபீஸ் ஏசிக்கும் நம் தண்ணீர்தான்" என்று அப்பா அடிக்கடி சொல்வார். படங்களைப் பார்த்த அன்று மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

தலவாக்கலைப் பக்கம் போவதானால் டெவன் நீர்வீழ்ச்சியைப் பாருங்கள். சென்கிளேயர் நீர்வீழ்ச்சியில் பழைய தண்ணீர் இல்லை. 2012இல் மேல் கொத்மலைத் திட்டம் வந்ததில் இருந்து திறந்து விட்டால்தான் உண்டு. சிவனொளிபாதமலை ஏற ஆசைப்பட்டால் டிசம்பர் பௌர்ணமியில் இருந்து வெசாக் வரைதான் சீசன். நல்லதண்ணியில் ராத்திரி ஏற ஆரம்பித்தால் விடிய உச்சியில் நிற்கலாம். கம்பளிச் சட்டை, தொப்பி எல்லாம் எடுத்து வா. கீழே சுடுகிறது என்று நம்பி வராதே, 2243 மீட்டர்.

ஒரு படத்தில் தேயிலைக் கூடை கட்டிக்கொண்டு உன் பக்கத்தில் ஒரு பிள்ளை நிற்கிறதே, மஞ்சள் ஸ்வெட்டர், அது யார்? கூடைக் கயிறு நெற்றியில் இறங்கிக் கிடக்கிறது, உச்சந்தலைக்கு ஏற்றி வைக்க வேண்டும் என்று நீயாவது சொல்லியிருக்கலாம். உனக்குத் தெரியாததா. இடுப்பில் படங்குச் சாக்கும் இல்லை. அது சும்மா படத்துக்குத்தான், எனக்கும் தெரியும். பதினெட்டு கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், முழு நாள் சம்பளம், இல்லாவிட்டால் அரைப் பேர் என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னாயா? அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கும்.

கீழ் வீட்டுப் பையன் உன் படத்துக்குக் கீழே "ஊருக்கு வந்திருக்கீங்களா அண்ணே" என்று எழுதினானாம். நீ பதில் போடவில்லையாம். வேலை இருந்திருக்கும். அப்புறம் அவன் எழுதியதே அங்கே இல்லை என்கிறான். போனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பெரியப்பா கொழும்புக்குப் போன பிறகு நடந்துகொண்டதை நீயும் பார்த்தவன்தான். அதை நான் இழுக்க வரவில்லை. நீ அப்படி இல்லை. ஹைலண்ட்ஸ் கல்லூரியில் உன் பெயரைக் கூப்பிட்டபோது அப்பா எழுந்து நின்றே கைதட்டினார். லயத்து வீடுகளில் இன்றைக்கும் பிள்ளைகளுக்கு உன்னைத்தான் காட்டுகிறார்கள். அதனால்தான் படங்களைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு என்னிடம் கேட்கிறார்கள். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அதையே சொல்லு.

பணம் இந்த மாதம் அனுப்பாதே. ரயிலில் உட்கார்ந்தே போ. அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் கையில் வைத்துக்கொள்.

வருவதென்றால் வியாழக்கிழமைக்கு முன் சொல்லு, எத்தனை பேர் என்றும் சொல்லு. ரொட்டியும் கட்டச் சம்பலும் காலைக்குப் போதும், மதியத்துக்குக் கோழி சொல்லி வைக்க வேண்டும். அந்த மஞ்சள் ஸ்வெட்டர் பிள்ளை மரக்கறி மட்டும்தான் என்றால் அதையும் முன்கூட்டியே எழுது. மெத்தை இரண்டு குறைகிறது. சின்னம்மாவிடம்தான் கேட்க வேண்டும், அவளிடம் கேட்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், பரவாயில்லை, கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா