கேள்வி கேட்டாயிற்று, பிரதமரே, பதில்?

மதிப்பிற்குரிய அயர்லாந்துப் பிரதமர் மீஹால் மார்ட்டின் அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதினால் இந்த மடல் உங்கள் கைக்கு வந்து சேராது என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு மட்டும் என்ன கிடைத்துவிட்டது என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

டப்ளினில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். குடியுரிமை பெற்று, சென்ற தேர்தலில் வாக்கும் போட்டேன். அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவையான டாயிலில் நடக்கும் தலைவர்கள் கேள்வி நேரத்தை மதிய உணவோடு கைப்பேசியில் பார்ப்பது எனக்குப் பழக்கம். எதிர்க்கட்சித் தலைவர் மேரி லூ மெக்டொனால்ட் எழுந்து மூன்று நிமிடம் கேட்பார். நீங்கள் மூன்று நிமிடம் பேசுவீர்கள். பிறகு ஆளுக்கு ஒரு நிமிடம். என் சோற்றுப் பெட்டி காலியாவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அவர் பெரும்பாலும் வீட்டுத் தட்டுப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார். நீங்களோ அவருடைய கட்சி எந்தெந்தக் கட்டுமானத் திட்டத்தை எதிர்த்தது என்று பட்டியல் போடுகிறீர்கள். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்வது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். விலை சரியாகவே இருக்கலாம், ஐயா. நாங்கள் கேட்டது வழி.

ஆகஸ்ட் மாதம் வரை இதை வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டை விற்கப்போகிறார், 180 நாளில் காலி செய்ய வேண்டும். நான்கு ஆண்டுகளாகக் குடியிருப்பவனுக்குச் சட்டம் தரும் அவகாசம் அவ்வளவுதான். அவர் மீது எனக்குக் கோபமில்லை. சட்டப்படி செய்திருக்கிறார். சட்டம் உங்களுடையது.

அன்றிலிருந்து வீடு பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறேன். விளம்பரம் வந்த பத்தாவது நிமிடத்தில் மின்னஞ்சல் அனுப்பினாலும் முக்கால்வாசிக்குப் பதில் வராது. வந்தால், வேலை நாளில் மாலை நான்கரை மணிக்கு வரச் சொல்வார்கள். கையில் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அலுவலகக் கடிதம், பழைய வீட்டுக்காரர் தந்த நற்சான்று. பெண் பார்க்கப் போகிறவன்கூட இவ்வளவு தாள்களைச் சுமப்பதில்லை. போன மாதம் டப்ளினின் டிரம்கோண்ட்ரா பகுதியில் ஓர் இரண்டு அறை வீட்டுக்குப் போனேன். வரிசை வாசலைத் தாண்டித் தெரு முனைவரை நின்றது. மழை. யாரும் யாரோடும் பேசவில்லை. தனக்கு முன்னால் எத்தனை தலை என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டிருந்தோம். எனக்குப் பின்னால் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் நின்றிருந்தார். வேறெந்த வரிசையாக இருந்தாலும் அவரை முன்னால் போகச் சொல்லியிருப்பார்கள். அன்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வீடு எனக்கும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவும் இல்லை.

எனக்கு வேலை இருக்கிறது, தங்க இடம் கொடுக்க இரண்டு நண்பர்கள் இருக்கிறார்கள். வீடில்லாதவர்களுக்கான அரசின் அவசரத் தங்குமிடங்களில் 16,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் 5,000-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். உங்கள் அரசே மாதாமாதம் வெளியிடும் கணக்கு இது.

2022 அக்டோபர் இறுதியில் குளிர்காலத்துக்காக, வாடகைக்கு இருப்பவர்களை வெளியேற்றத் தடை கொண்டுவந்தீர்கள். 2023 மார்ச் 31-உடன் அது முடிந்தது. நீட்டிக்கக் கோரி மெக்டொனால்டின் சின் ஃபெயின் கட்சி கொண்டுவந்த தீர்மானம் 68-க்கு 83 என்று தோற்றது. அப்போது நீங்கள் துணைப் பிரதமர். தடை நீங்கியதும் வீட்டை இழப்பவர்கள் எங்கே போவார்கள் என்று அன்று கேட்கப்பட்ட கேள்வி இன்னும் அவையில் நின்றுகொண்டிருக்கிறது. தயவுசெய்து அதற்குப் பதில் சொல்லுங்கள்.

2024 நவம்பர் தேர்தலுக்கு முன், அந்த ஆண்டில் கட்டி முடிக்கப்படும் வீடுகள் 40,000-ஐ நெருங்கும் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். வாக்குகள் எண்ணியான பிறகு, ஜனவரியில் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட எண் 30,330. இப்போது 2030-க்குள் 3,00,000 என்கிறீர்கள். ஆனால் புதிய திட்டத்தில் ஆண்டுவாரி இலக்கு கிடையாது. தேர்வில் தோற்ற பையன் இனிமேல் மதிப்பெண் பட்டியலே வேண்டாம் என்று சொன்னால் அப்பா ஒப்புக்கொள்வாரா?

கேள்வி நேரத்துக்காக நீங்கள் சண்டை போடவில்லை என்று சொல்லமாட்டேன். 2025 மார்ச்சில் அதற்காகவே டாயில் அமளிப்பட்டது, கூட்டம் நின்று நின்று நடந்தது. அரசை ஆதரிக்கும் சுயேச்சைகளுக்கும் கேள்வி கேட்க நேரம் வேண்டுமாம். விதியைத் திருத்தி வாங்கிக் கொடுத்தீர்கள். அரசை ஆதரிப்பவர் அரசை என்ன கேட்பார்? நலமா என்றா? யார் கேட்பது என்பதற்கு அத்தனை கூச்சல். பதில் சொல்வது யார் என்பதற்கு ஒரு முணுமுணுப்பும் இல்லை.

எதிர்க்கட்சித் தலைவர் மீதும் எனக்குக் குறை உண்டு. அவருடைய மூன்று நிமிடத்தில் பாதி, மாலையில் சமூக ஊடகத்தில் ஏறப்போகும் காணொளிக்காகப் பேசப்படுவது போலத்தான் இருக்கிறது. ஆனாலும் மீதிப் பாதி என் வீட்டைப் பற்றியது.

என் மகளுக்குப் பள்ளியில் 1879-இல் மேற்கு அயர்லாந்தின் மேயோவில் தோன்றிய நில இயக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். நியாயமான வாடகை, நிலையான குடியிருப்பு உரிமை என்றெல்லாம் அந்தக் குடியானவர்கள் கேட்டதை ஒப்பித்துவிட்டு, "அவர்களுக்குக் கிடைத்ததா அப்பா?" என்றாள். கிடைத்தது, 1881-இல் சட்டமே வந்தது என்றேன். "நமக்கு?" என்றாள். அவளுக்கு மூன்று நிமிடம் பேசத் தெரிந்தவனாக நான் இல்லை.

கோபத்தில் மரியாதை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது சிறிய விஷயம். அடுத்த செவ்வாய்க்கிழமை எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து வீட்டைப் பற்றிக் கேட்டால், அவர் கட்சியைப் பற்றி ஒரு வாரம் மட்டும் பேசாமலிருங்கள். இந்த ஆண்டு எத்தனை வீடு, அடுத்த ஆண்டு எத்தனை, பிப்ரவரியில் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறவர் அன்றிரவு எங்கே தூங்குவார், இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும்.

இப்படிக்கு,
பிப்ரவரி வரை டப்ளினில் முகவரி உள்ள ஒருவர்