சேகருக்கு, உன் வண்டி விஷயமாக

பாளையங்கோட்டை
வைகாசி கடைசி ஞாயிறு

அன்புள்ள சேகருக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? என் வீட்டில் உன்னை விசாரித்தார்கள், என்னைத் திட்டினார்கள். எல்லாம் வழக்கம்போலத்தான்.

ஏழு மாதமாக நீ போன் பண்ணும்போதெல்லாம் 'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு என்னலே மீட்டிங் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே உளறியிருப்பேன். போனை எடுத்தால் நாலாவது வாக்கியத்தில் 'அப்பா வண்டி எப்படி இருக்கு' என்பாய். அதற்குப் பயந்துதான் எடுக்கவில்லை. தீபாவளிக்கு நீ கேட்டாய் என்று ஒரு போட்டோ அனுப்பினேனே, அது புதிதாக எடுத்ததில்லை. நீ மஸ்கட்டுக்குக் கிளம்பிய வருஷம் எடுத்தது. பின்னால் நிற்கும் என் தலையில் முடி இருந்ததைக்கூட நீ கவனிக்கவில்லை!

விஷயம் இதுதான். நீ சாவியைக் கொடுத்துவிட்டுப் போனபோது அந்த மாருதி 800 குங்குமச் சிவப்பு. போன மாசியில் அதைப் பார்த்திருந்தால் பஞ்சுமிட்டாய் என்றிருப்பாய். கதவுகள் ஓரளவு தப்பித்துவிட்டன. பானட்டும் டாப்பும் டிக்கியும் வெளுத்து, கை வைத்தால் சுண்ணாம்புபோல மாவு ஒட்டியது. இன்ஜினை வாரம் ஒருமுறை ஓட்டினேன், பேட்டரி மாற்றினேன், ஆர்சி புதுப்பித்தேன். அதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் வீட்டு வாசலில் மேற்கு வெயிலில் ஏழு வருஷம் நிறுத்திவைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு ஆவணியில் வருகிறேன், அந்த வண்டியில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று நீ எழுதியதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முதலில் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி சுற்றி வந்து பார்த்துவிட்டு, 'முழுசா சுரண்டி அடிச்சிரலாம் சார், 30,000 ஆகும்' என்றார். அவருடைய பையன் ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்துப் பானட்டில் ஒரு இழுப்பு இழுத்தான். அடேயப்பா, என்ன பளபளப்பு! வீடு வந்து சேர்ந்து இரண்டாம் நாள் பழையபடி பஞ்சுமிட்டாய். தேங்காய் எண்ணெய் வைத்தியமும் பார்த்தாயிற்று. தெருப் புழுதி முழுக்க வந்து ஒட்டியதுதான் மிச்சம்.

அப்புறம்தான் இதை ஒழுங்காகப் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். சிரிக்காதே, பரீட்சைக்குப் படிக்காதவன் இதற்குப் படித்தேன். சிவப்புதான் வெயிலில் முதலில் போகும் நிறமாம். ஒரு பொருள் சிவப்பாகத் தெரிகிறது என்றால் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் திருப்பி விடுகிறது என்று அர்த்தம். வெளிச்சத்தில் வீரியம் அதிகம் உள்ளது அந்த நீலப் பக்கம்தான். அதையே தினமும் தின்றால் சாயம் எத்தனை நாள் தாங்கும்? போதாததற்குப் புற ஊதாக் கதிர் வேறு. சாயத்தைப் பிடித்துவைத்திருக்கும் பிசினை அது உடைத்துவிடுகிறது. பிடிமானம் இல்லாத சாயம் மாவாக உதிர்கிறது. நம் கோயில் மதில் காவியை நினைத்துப் பார். மழையில் கரைகிறதே தவிர வெயிலில் வெளுப்பதில்லை. ஏனென்றால் அது இரும்புத் துரு, கல் ஜாதி. கார்க் கம்பெனிகளின் பளிச் சிவப்பு பெரும்பாலும் கரிமச் சாயம், பூ ஜாதி. இது தெரிந்த நாள் முதல் கோயிலுக்குப் போனால் சாமியை விட்டுவிட்டு மதிலைப் பார்க்கிறேன் என்று வீட்டில் புகார்.

நல்ல செய்தி ஒன்றும் இருந்தது. வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தேன், துணி சிவந்தது. மேலே தெளிபூச்சு கிடையாது, நிறமே கடைசிப் பூச்சு என்று அதற்கு அர்த்தம். இப்போதைய கார்களில் மேலே கண்ணாடிபோல ஒரு கோட் இருக்கும். அது படைபடையாக உரிய ஆரம்பித்துவிட்டால் எந்தப் பாலிஷும் பலிக்காது, திரும்ப அடிக்கத்தான் வேண்டும். இந்த மாதிரிப் பழைய பெயிண்டில் செத்த தோலை எடுத்துவிட்டால் கீழே உயிருள்ள சிவப்பு இருக்கும். ஆனால் மொத்தப் பெயிண்டே ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குக்குள்தான். ஏறக்குறைய இரண்டு தலைமுடிக் கனம். எனக்கு இருக்கும் முடியை வைத்துக் கணக்குப் போடாதே.

பங்குனியில் ஆரம்பித்தேன், காலை ஐந்தரைக்கு. உலோகம் சூடாக இருந்தால் காம்பவுண்ட், அதாவது செத்த பெயிண்டைத் தேய்த்து எடுக்கும் பசை, காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். போர் தண்ணீரில் கழுவினால் உப்புப் பூக்கிறது என்று தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வரும் நாளாகப் பார்த்துக் கழுவினேன். கழுவிய பிறகு கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பார். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் கைக்குத் தெரியும். அதற்கென்று களிமண் மாதிரி ஒரு கட்டி விற்கிறார்கள், சோப்புத் தண்ணீர் விட்டு வழுக்கி வழுக்கி இழுத்தால் சொரசொரப்பு போய்விடும். அப்புறம் பானட்டின் மூலையில் ஒரு ஜாண் சதுரம் மட்டும் காம்பவுண்ட் போட்டுக் கையால் தேய்த்தேன். துணி ரத்தமாகச் சிவந்தது. துடைத்துப் பார்த்தால் சேகர், அந்த ஜாண் இடத்தில் 1998! உன் அப்பா ஷோரூமிலிருந்து ஓட்டி வந்து, தென்காசி ரோட்டில் அந்த மாட்டின் முன்னால் நிறுத்தினாரே, அதே சிவப்பு. வாசலில் உட்கார்ந்துவிட்டேன். டீ ஆறிப்போனது.

அதற்கப்புறம் எனக்குப் பேய் பிடித்துவிட்டது. கையால் தேய்த்துத் தோள்பட்டை கழன்றதும் பாலிஷ் போடும் மெஷின் வாங்கி வந்தேன். இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பானட்டின் இடது ஓரத்தில் மடிப்பு வரும் இடத்தில் பெயிண்ட் மெல்லிசாகத்தான் இருக்கும், அதனால் அங்கே டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினை வைக்க வேண்டும். தெரிந்தும் ஒட்டவில்லை. இரண்டே விநாடி, நிறத்துக்கு அடியில் இருக்கும் சாம்பல் நிற பிரைமர் பூச்சு பல்லை இளித்தது. கட்டைவிரல் அகலம். தொட்டு அடித்துவைத்திருக்கிறேன், நீயாகக் கண்டுபிடிக்க மாட்டாய். கண்டுபிடித்தால் பிரியாணி என் கணக்கு. டாப்பின் நடுவில் பெயிண்ட் அநேகமாகத் தீர்ந்தேவிட்டது, அங்கே மெஷினைக் கொண்டுபோகவில்லை. நீ என்ன ஒட்டகம்மேலா ஏறி வரப்போகிறாய், மேலேயிருந்து பார்க்க!

தேய்த்து எடுத்த பளபளப்பைக் காக்க மெழுகு போட்டிருக்கிறேன். வெயிலை ரொம்ப நாள் தாங்காது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். தண்ணீர் முத்து முத்தாக நிற்கும்வரை மெழுகு இருக்கிறது என்று கணக்கு. கவர் வாங்கிப் போடு என்று தெருவே சொன்னது. புழுதி படிந்த வண்டிமேல் கவரைப் போட்டுக் காற்றடிக்கவிட்டால் அது உப்புத்தாள்தான். புளியமரத்தடி நிழல் நல்லதுதான், ஆனால் காகங்கள் என் நிர்வாகத்தை மதிப்பதில்லை. எச்சம் காய்ந்தால் பெயிண்டைக் கடித்துவிடும், ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். கடைசியில் நாலு கம்பு நட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுவிட்டேன். கல்யாண வீடா என்று விசாரிக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒன்று தெரியுமா? இந்தியாவில் விற்ற முதல் மாருதி 800-ம் இப்படித்தான் நின்றிருக்கிறது. 1983 டிசம்பர் 14-ந் தேதி டெல்லியில் ஹர்பால் சிங் என்பவர் இந்திரா காந்தி கையால் சாவி வாங்கிய வண்டி. அவர் 2010-இல் காலமான பிறகு வீட்டுக்கு வெளியே கிடந்து பாழாகி, பின்னால் சீர்செய்து நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திலேயே நிறுத்திவைத்தார்கள். என்னைவிட மோசமான ஆட்களும் இருக்கிறார்கள் என்று அல்பமாக ஒரு நிம்மதி.

இனிதான் இந்தக் கடிதத்தை எழுதவைத்த விஷயம். டிக்கியில் அப்பா தன் கையால் ரேடியம் ஷீட்டில் வெட்டி ஒட்டிய 'முருகன் துணை' ஞாபகம் இருக்கிறதா? 'து' மட்டும் கீழே இறங்கி நிற்கும், நாம் கேலி பண்ணுவோம். வெயிலில் அது பொரிந்துபோயிருந்தது, கழுவும்போது சில்லு சில்லாக வந்துவிட்டது. பதறிப்போய்த் துடைத்தேன். அந்த எழுத்துக்கு அடியில் வெயில் படவே இல்லை. சுற்றிலும் வெளுப்பு, நடுவில் குங்குமச் சிவப்பில் 'முருகன் துணை', 'து' இறங்கினபடியே.

டிக்கியை மட்டும் இன்னும் மெஷின் தொடவில்லை. தேய்த்தால் மற்ற இடமும் சிவந்து எழுத்து மங்கிவிடும், முழுசாக மறையாவிட்டாலும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தேய்க்காவிட்டால் வண்டியின் பின்பக்கம் மட்டும் பஞ்சுமிட்டாயாக மண்டபத்துக்கு வரும். நானாக முடிவெடுக்க மாட்டேன், இது உன் அப்பா எழுத்து. ஒரு வரி எழுது, இல்லை போன் பண்ணு. இனிமேல் எடுப்பேன்.

உன்
ரவி

பின்குறிப்பு: அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே. வந்து பார்க்கட்டும்.