'யாரோ' முளைக்கவில்லை என்று யாரோ சொன்னது பற்றி

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

11 வருடமாக எங்கள் ஸ்காபரோக் கடையில் பாவல், பயற்றை, கத்தரி, வெண்டி விதை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நீங்கள். எங்கள் விதை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் நாங்கள் விற்கிற 'யாரோ' (yarrow) என்ற பூச்செடியின் விதை முளைக்கவில்லை என்று இரண்டு கிழமையாக வட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றுகிறது. ஒரு அக்கா மண் நிரப்பிய தட்டைக் காட்டி, "28 நாளாச்சு, ஒரு பச்சை இல்லை. யாரோ எண்டு சொல்லி யாரையோ ஏமாத்துகினம்" என்கிறா. பகிடியாகத்தான் சொன்னா போல. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் தீபம் காட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் காதுக்குக் கிட்ட வந்து, "என்ன, செத்த விதையோ விக்கிறியள்?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் இந்த மடலை எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

அந்தக் காணொளியை நான் நாலு தரம் பார்த்தேன். முதல் மூன்று தரமும் கோபத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் தரம்தான் தட்டின் ஓரத்தைக் கவனித்தேன். மண் விளிம்பு வரைக்கும் நிரம்பி, மேலே வடிவாகத் தட்டிச் சமப்படுத்தி இருந்தது. அக்கா விதையை மூடிவிட்டா.

யாரோ விதைக்கு வெளிச்சம் வேண்டும். பைக்கற்றை ஒருக்கா வெள்ளைக் கடதாசியில் கொட்டிப் பாருங்கோ. சாம்பல் நிறத்தில், தட்டையாக, எள்ளை விடச் சின்னதாக, உமித்தூள் மாதிரிக் கிடக்கும். பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும். ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில் நிற்கும். அதுக்குள் ஒரு விரல் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வர எங்கே சத்து?

நாங்கள் எல்லாரும் பாவல் விதை போட்டுப் பழகிய கைகள். விரலால் ஒரு குழி, அதுக்குள் விதை, மேலே மண், அதன்மேல் ஒரு தட்டு. விதையை வெளியே வெறுமனே விட அந்தக் கைக்கு மனம் வராது. முதல் வருடம் நானும் மூடித்தான் போட்டேன். அதனால் அக்காவைக் குறை சொல்லவில்லை. ஆனால் விதையையும் குறை சொல்லக் கூடாது, இல்லையா? அதே பெட்டியில் இருந்து எடுத்து, கடை யன்னலடியில் ஒரே தட்டில் பாதியை மேலே தூவியும் பாதியை மூடியும் வைத்தேன். பத்தாம் நாள் ஒரு பக்கம் பாசி படர்ந்த மாதிரிப் பச்சை. மற்றப் பக்கம் இரண்டே இரண்டு முளை. தட்டு இன்னும் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வந்தால் பாருங்கோ. (மாசிக் கடைசியில் போன பைக்கற்றுகள் சிலதில் போன வருட விதையும் கலந்துவிட்டது. ஒரு வருடத்தில் செத்துப்போகிற விதை இல்லை இது.)

செய்ய வேண்டியது இவ்வளவுதான். திருநீறு எடுக்கிற மாதிரி மூன்று விரலால் எடுத்து ஈர மண்ணின் மேல் தூவுங்கோ. உள்ளங்கையால் மெல்ல அமத்துங்கோ. விதை மண்ணோடு ஒட்ட வேண்டும், புதையக் கூடாது. மேலால் தண்ணி ஊற்றினால் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும், ஆகவே விசிறு போத்தலால் தெளியுங்கோ. 20 பாகை அளவு சூடு இருக்கிற வெளிச்சமான யன்னல் போதும், ஒன்று இரண்டு கிழமையில் முளை தெரியும். தட்டுக்குப் பிளாஸ்ரிக் மூடி போட்டிருந்தால் முளை தெரிந்த அன்றே அதை எடுத்துவிடுங்கோ, இல்லாவிட்டால் தண்டு அடியில் அழுகிச் சாயும்.

முன்பு இதெல்லாம் கடதாசியில் எழுத வேண்டி இருக்கவில்லை. விதைப் பக்கம் நின்ற பெடியனை உங்களுக்குத் தெரியும். "அன்ரி, இதை மட்டும் மூடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் பைக்கற்றைக் கையில் கொடுப்பான். அவன் போன புரட்டாதியில் ஒட்டாவாவுக்குப் படிக்கப் போய்விட்டான். நல்லாய்ப் படிக்கட்டும். ஆனால் அவன் வாயில் இருந்த அந்த ஒரு வரி பைக்கற்றில் இல்லை என்பது அவன் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அது எங்கள் பிழைதான். இப்போது ஒவ்வொரு பைக்கற்றிலும் சிவப்பு மையில் 'மூடாதேங்கோ' என்று முத்திரை குத்தியிருக்கிறோம்.

நிறம் பற்றியும் ஒரு கதை அடிபடுகிறது. முந்தி வாங்கிய சிலருக்கு வெள்ளையும் இளஞ்சிவப்பும்தான் பூத்ததாம். நாங்கள் விற்பது பல நிறம் கலந்த விதை, எது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. 'பப்ரிக்கா' என்று ஒரு செங்கல் சிவப்பு இனம் இருக்கிறது. அதை அடிக்கட்டை பிரித்துத்தான் பெருக்குவார்கள், விதை போட்டால் அதே நிறம் வராது. பைக்கற்றில் இருக்கிற படம் அதனுடையது. அடுத்த அச்சில் மாற்றுவோம்.

கண்டுகளை விக்டோரியா நாள் விடுமுறைக்கு (மே 24க்குக் கிட்ட வரும்) பிறகு வெளியே நடலாம். அதற்கு முதல் ஒரு கிழமை, பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்குங்கோ. பூப்பாத்தியில் நல்ல வெயில் படுகிற இடமாக, ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி விட்டு நடுங்கோ. எங்கள் பக்கத்துக் களிமண்ணில் தண்ணி தேங்கினால் மாரியில் வேர் அழுகும், அதனால் பாத்தியைக் கொஞ்சம் உயர்த்துவது நல்லது. மாட்டெரு மூட்டையை மட்டும் தயவுசெய்து அவிழ்க்க வேண்டாம்! ஒன்ராறியோ வீதியோரத்தில் ஒருவரும் பார்க்காமல் பூத்து நிற்கிற செடி இது. கொழுக்க வைத்தால் பூவைத் தாங்க மாட்டாமல் சாய்ந்து படுத்துவிடும். முதல் வருடம் பெரும்பாலும் இலைதான், கரட் இலையை இன்னும் பொடியாகக் கிழித்துவிட்ட மாதிரி. அடுத்த ஆனி, ஆடியில்தான் பூவைப் பார்க்கலாம். பிறகு அது நிலத்துக்குக் கீழால் ஓடிப் பக்கத்துச் செடியின் இடத்தையும் பிடிக்கும், மூன்று வருடத்துக்கு ஒருக்கா கிண்டிப் பிரித்துவிடுங்கோ. நாய், பூனை தின்றால் கூடாது.

இந்த இரண்டு கிழமையும் எங்களோடு நின்றவர்களை மறக்க மாட்டோம். பிக்கரிங்கில் இருந்து ஒரு ரீச்சர், கேட்காமலே தன் வீட்டுப் பாத்திப் படத்தைக் காணொளி வந்த வட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது அவையின்ர விதைதான்" என்று எழுதினா. இன்னொரு ஐயா கடைக்கு வந்து கதிரையில் இருந்து அரை மணித்தியாலம் ஆறுதல் சொல்லிவிட்டு, தேவையே இல்லாமல் இரண்டு பைக்கற் முளைக்கீரை விதை வாங்கிக்கொண்டு போனார். உங்களால்தான் இந்தக் கடை நடக்கிறது.

காணொளி போட்ட அக்காவுக்கு: தட்டை எறிந்துவிட வேண்டாம். முள்ளுக்கரண்டியால் மேல் மண்ணை மெல்லக் கிளறி, யன்னலடியில் இன்னும் இரண்டு கிழமை வையுங்கோ, சிலது வரலாம். வராவிட்டால் தட்டோடு கடைக்கு வாங்கோ, முளைத்த கண்டு பத்து எடுத்து வைத்திருக்கிறேன். காசு வேண்டாம். மற்றவர்களும் முளைக்காத தட்டைக் கொண்டுவந்தால் புதுப் பைக்கற் ஒன்று தருவோம். திங்கள் பூட்டு, மற்ற நாட்களில் காலை 10 மணியில் இருந்து மாலை 7 மணி வரை நிற்போம்.

அன்புடன்,
உங்கள் விதைக் கடைக்காரர்