கால்வாய் அடைக்கும் நாளில் மீனுக்கும் ஒரு மடு: கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், கோதையாறு பாசனத்தைக் கவனிக்கும் நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும், மீன்வளத் துறை, வனத் துறை அலுவலர்களுக்கும், பாசனச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

தேரூர்ப் பக்கம், கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைவரம்பில், கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் நட்டுப் பிழைக்கிறவன் நான். தண்ணீர் போதவில்லை என்று மனு எழுதிப் பழகிய கை இது. இம்முறை அந்தத் தண்ணீரோடு வரும் மீன்களுக்காக எழுதுகிறேன்.

2022-ஆம் ஆண்டில் சுசீந்திரம் தேரூர்க் குளங்களில் சுமார் 94 ஹெக்டேரும், வேம்பனூர்க் குளத்தில் சுமார் 20 ஹெக்டேரும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றபோது எங்கள் ஊரில் எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. நாரையும் தாராவும் வருகிற குளம் என்பதால் அந்தப் பெயர் கிடைத்தது. பறவை எதைத் தின்ன வருகிறது என்பதும், அந்த இரை எந்த வழியாகக் குளத்துக்கு வந்து சேர்கிறது என்பதும் அதன்பிறகு அதிகம் பேசப்படவில்லை. காக்கப்பட வேண்டிய எல்லை குளத்தங்கரையோடு நின்றுவிட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் விழும் மழை கோதையாறாகவும் பறளியாறாகவும் இறங்கி, 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலும், அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து வந்த பெருஞ்சாணி அணையிலும் தேங்கி, புத்தன் அணையிலிருந்து கால்வாய்களாகப் பிரிந்து எங்கள் வயலுக்கு வருகிறது. அதற்கெல்லாம் முன்பே, பறளியாற்று நீரைப் பாண்டியன் கால் வழியாகப் பழையாற்றுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். குழித்துறைப் பக்கம் போய்த் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேர வேண்டிய தண்ணீர் இப்படித்தான் மணக்குடிக்கு வழி பிடித்தது. ஆற்றைத் திருப்பியவர்கள் மீனையும் சேர்த்தே திருப்பிவிட்டார்கள்.

மலை ஓடையின் மீன் வேறு, குளத்து மீன் வேறு என்பது உண்மைதான். மேலே, பாறையில் வெள்ளம் மோதும் இடத்தில், வயிறு தட்டையாகி, துடுப்புகளையே பிடிமானமாக்கிக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும் சிறு மீன்கள் இருக்கின்றன. வாயடியில் வட்டத் தட்டுப் போன்ற உதட்டால் பாறைப் பாசியைச் சுரண்டித் தின்கிறவையும் உண்டு. இவற்றுக்குக் குளிர்ந்த, ஓடுகிற, காற்று கலந்த நீர் வேண்டும். கல்லின் மேல் வண்டல் படிந்தால் மேய்ச்சல் போயிற்று. கீழே விராலும் குறவையும் சேற்றுக் குளத்தில் மேலே வந்து காற்றைக் குடித்துக்கூடப் பிழைத்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில், புதுவெள்ளம் வந்ததும் எதிரேறிப் போய் முட்டையிடும் கெண்டையும் கெளுத்தியும் ஆரலும் வாழ்கின்றன. விலாங்குக்கோ இந்தப் பாதை முழுவதும் வேண்டும்: அது கடலில் பிறந்து, கழிமுகம் வழியாக ஆற்றில் ஏறி, வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே திரும்புகிறது. பழையாற்றின் குறுக்கே வீரப்புலி முதல் மிஷன் அணை வரை எத்தனை தடுப்புகள் என்பதைப் பொறியாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மாவட்டத்து மலை ஓடையில் பிடித்த ஒரு சிறு கெண்டையை 2010-இல் ஆய்வாளர்கள் புதிய இனமாக உலகுக்கு அறிவித்தார்கள். ரோகன் கெண்டை என்று சொல்லலாம். அந்தப் பெயர் இலங்கை ஆய்வாளர் ரோகன் பெத்தியகொடவின் பெயரால் அமைந்தது. நூறு ஆண்டுகளாகப் பாசனத்துக்கு அளந்து வைத்திருக்கும் தண்ணீரில் இப்படி ஒன்று பெயரில்லாமல் நீந்திக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

இனி நான் கண்டதைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பங்குனியில், தண்ணீர் அடைத்த மறுநாள் காலை, எங்கள் கிளைக்கால்வாய் ஓரமாக நடந்தேன். அதற்கு முந்தைய கோடையில்தான் அடித்தளம் முழுக்கக் கான்கிரீட் போட்டிருந்தார்கள். முன்பெல்லாம் அடைத்தாலும் மதகடியில் இடுப்பளவு மடு ஒன்று கிடக்கும். சேறும் நாணலும் வேருமாக, ஆனி மாதம் வரை வற்றாது. இப்போது அந்த இடத்தில் தளம் பாய் விரித்ததுபோல் மட்டமாக இருந்தது. நான்கு விரல் தண்ணீரில் விரல் நீளக் கெண்டைகள் பக்கவாட்டில் சாய்ந்து துடித்துக்கொண்டிருந்தன. சில ஆரல் தளத்தின் ஒரு வெடிப்பில் தலையை நுழைத்து, புதைய மண் தேடி, மூக்கு சிராய்ந்து கிடந்தன. கொக்குக்கு அன்று விருந்து. பத்து மணி வெயிலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனியில் தண்ணீர் திறந்தபோது எதிரேற அங்கே மீன் இல்லை.

கான்கிரீட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைவரம்புக்காரன் அப்படிச் சொன்னால் பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வருவார். நீர் கசியாமல் வந்து சேர்வது எங்களுக்கும் வேண்டும். தளம் போடும்போது மதகு, சரிவுத் தளம் ஆகியவற்றுக்குச் சற்றுக் கீழே, அரிப்பு வராத தொலைவில், ஒரு பள்ளத்தை மட்டும் பூசாமல் விட்டுவையுங்கள் என்பதே கோரிக்கை. அடைக்கும்போது ஷட்டரை ஒரே நாளில் இறக்காமல் மூன்று நான்கு நாட்களில் படிப்படியாகக் குறைத்தால், மீன் அந்தப் பள்ளத்துக்கோ குளத்துக்கோ போய்ச் சேர அவகாசம் கிடைக்கும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

மீன்வளத் துறைக்கு ஒரு விண்ணப்பம். கட்லா, ரோகு, மிருகால் எல்லாம் கங்கைச் சமவெளி மீன்கள். அணைகளிலும் குளங்களிலும் அவற்றைக் குஞ்சாக விட்டு வளர்ப்பதில் மீனவர்களுக்கு வருமானம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் திலாப்பியாவும், தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் குத்தகைக் குளத்திலிருந்து மறுகால் பாய்ந்து வாய்க்காலுக்குள் வந்தால், நாட்டு மீனின் முட்டையும் குஞ்சும் மிஞ்சாது. குத்தகை ஒப்பந்தத்தில் இந்த இரண்டையும் பெயர் சொல்லி விலக்குவதும், மறுகாலில் வலைத் தடுப்பு கேட்பதும் நியாயமான நிபந்தனைகளே.

மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்தாருக்கும் ஒரு சொல். என் மாமனார் வீட்டிலும் ரப்பர் உண்டு என்பதால் உரிமையோடு சொல்கிறேன். ஷீட் அடித்தபின் பாலை உறையவைத்த அமில நீரை ஓடையில் ஊற்றாதீர்கள். தனியே குழி வெட்டி விட்டால் போதும். ஓடையில் பிளீச்சிங் தூள் கலக்கி மீன் பிடிப்பதை வனத் துறையும் ஊர்க்காரரும் சேர்ந்துதான் நிறுத்த முடியும்.

ஈரநில விதிகள் 2017-இன்படி நடக்கும் மாவட்டக் கூட்டங்களில், குளத்தின் பரப்போடு அதற்கு நீர் கொண்டுவரும் கால்வாயையும் சேர்த்துப் பேசும்படி ஆட்சியர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கோடையில் எங்கள் கிளைக்கால்வாயில் மராமத்து மறுபடி நடக்கவிருப்பதாகச் சொல்கிறார்கள். முன்பு மடு இருந்த இடத்தை அளந்து காட்ட நான் வருகிறேன். அழைக்கும் நாளில், மண்வெட்டியோடு.

பணிவுடன்,
தேரூர்ப் பகுதிக் கடைவரம்பு விவசாயி