ஸ்டென்டுக்கு அட்டை இருக்கிறது, மாத்திரைக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், வரி கட்டுகிறவன் ஒருத்தன், இலவச வைத்தியம் பார்க்கிறவன் இன்னொருத்தன், அரசு ஆசுபத்திரி ஏழைகளுக்கு மட்டும் இருக்கட்டும், மற்றவர்கள் காசு கொடுத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தார். படித்ததும் கோபம்தான் வந்தது. கோபத்தில் எழுதினால் நீங்கள் போடமாட்டீர்கள் என்று நான்கு நாள் ஆறப்போட்டு எழுதுகிறேன்.

என் அண்ணன் திருவட்டார் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். இரண்டு வருடம் முன்னால் நெஞ்சுவலி வந்து முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில்தான் ஸ்டென்ட் வைத்தோம். அட்டை இல்லையென்றால் மைனியின் நகை மொத்தமும் போயிருக்கும், அதை மறைக்கமாட்டேன், ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அது இதயம்தான் என்று தெரியவருவதற்கு முன்னால் வாயு, அல்சர் என்று இரண்டு மாதம் தனியார் கிளினிக்குகளில் ஏறி இறங்கினோமே, டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி, மருந்துக்கடை பில், அதில் ஒரு ரூபாய்கூட அட்டையில் வரவில்லை. ஆசுபத்திரியில் படுத்தால்தான் அநேகமாக அந்த அட்டைக்கு வேலை. அந்த இரண்டு மாதத்துக்கு வட்டிக்கு எடுத்த பணம் இன்னும் அடைந்தபாடில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2021-22க்கான தேசிய சுகாதாரக் கணக்குப்படி, நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். 2014-15இல் இது 62.6. குறைந்திருக்கிறது, சரி. ஆனாலும் நூறு ரூபாயில் கிட்டத்தட்ட நாற்பது ரூபாய், நோய் வந்த அன்றைக்கு, நோய் வந்தவன் தலையிலேயே விழுகிறது. அதே வருடம் மத்திய, மாநில அரசுகள் எல்லாம் சேர்ந்து செலவழித்தது நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025க்குள் 2.5 ஆக்குவோம் என்று 2017இல் தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதி வைத்ததும் இதே மத்திய அரசுதான்.

அப்புறம் அந்த வரி விஷயம். வருமான வரி மட்டும்தான் வரி என்று யார் சொன்னது? அண்ணன் வாங்குகிற சோப்பிலும் செருப்பிலும் ஜிஎஸ்டி இருக்கிறது, கடைக்காரர் வருமானச் சான்றிதழ் கேட்டுக் கழித்துக் கொடுப்பதில்லை. நம் ஊரில் கோயில் கொடைக்கு வரி பிரிக்கிறோம். கல்ஃபில் ஆள் இருக்கிற வீட்டில் கூடுதலாகக் கேட்போம், ஆண்துணை இல்லாத வீட்டில் கொடுத்ததை வாங்கிக்கொள்வோம், ஆனால் பந்தியில் எல்லோருக்கும் ஒரே இலை, ஒரே பாயசம்தான். இது தெரிந்த ஊர்க்காரர்களுக்கு வைத்தியச் செலவு என்று வந்தால் மட்டும் ஏன் அவனவன் பாடு என்று தோன்றுகிறது, எனக்குப் புரியவில்லை.

காசு கொடுத்து எடுக்கும் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியை 2025 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள், நல்லது. ஆனால் ஏற்கெனவே இதய நோய் உள்ள 56 வயது ஆளுக்கு எந்தக் கம்பெனி குறைந்த பிரீமியத்தில் பாலிசி கொடுக்கும்? திடகாத்திரமான ஆள் பாலிசி எடுக்காமல் விலகிக்கொள்கிறான், நோயாளி தேடி வருகிறான், பிரீமியம் ஏறுகிறது, அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் விலகுகிறார்கள். சம்பளத்தில் பிடித்து வைத்தியம் பார்க்கும் வழியை 1883இலேயே ஜெர்மனி கொண்டுவந்துவிட்டது. நம் இஎஸ்ஐயும் அந்த வழிதான், தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25. முந்திரி ஆலைக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிடிக்கிறார்கள். ஆனால் பத்து தோட்டத்தில் பால் வெட்டுகிறவருக்கும் கொளச்சலில் கடலுக்குப் போகிறவருக்கும் கொத்தனாருக்கும் முதலாளி யார், யாரிடம் போய் 3.25 பிடிப்பது?

தாய்லாந்துக்கும் இதே சிக்கல்தான் இருந்தது. அரசு ஊழியருக்கு ஒரு திட்டம், கம்பெனித் தொழிலாளிக்கு ஒரு திட்டம், விவசாயியும் கூலிக்காரரும் வெளியே. 2002இல் அந்த வெளியே நின்ற எல்லோரையும், மக்கள்தொகையில் முக்கால்வாசிப் பேரை, வரிப்பணத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். ஒரு முறை டாக்டரைப் பார்க்க 30 பாட், ஏழைகளுக்கு அதுவும் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று, தொடக்கத்தில் வருடத்துக்கு 1,202 பாட் கணக்கில், உள்ளூர் ஆசுபத்திரிகளுக்குப் பணம் போனது. வெளிநோயாளியாகப் பார்ப்பதும் மாத்திரையும் அதற்குள் அடக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான்.

நம்மிடம் ஒன்றுமில்லை என்று சொல்லவரவில்லை. 1838இலேயே நெய்யூரில் மிஷன் மருத்துவம் தொடங்கிய மாவட்டம் இது. அரசு ஆசுபத்திரியில் இப்போதும் மாத்திரை இலவசம்தான், பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடியே வருகிறது. அண்ணனின் இதய மாத்திரைக்கு மட்டும் ஆள் போகவேண்டும், அவர் போனால் ஒரு நாள் வெட்டு போய்விடும், மைனிக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை என்பதால் மாதாமாதம் மைனிதான் போய் வரிசையில் நிற்கிறார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அட்டைக்கு வருட வருமான வரம்பு 1,20,000 ரூபாய். மாதம் 25 நாள் வேலை, நாளுக்கு 400 ரூபாய் என்று கணக்குப் போடுங்கள், அங்கேயே வரம்பு முட்டிவிடும். இந்த மாவட்டத்தில் 400 ரூபாய்க்குக் கொத்து வேலைக்கு யாரும் வரமாட்டார்கள். ஆக உண்மையைச் சொல்கிறவனுக்கு அட்டை இல்லை, குறைத்துச் சொல்கிறவனுக்கு உண்டு. இந்த வரம்பை எடுத்துவிட்டு, வெளிநோயாளிப் பரிசோதனையையும் மருந்தையும் சேர்க்க எவ்வளவு ஆகும் என்று அரசு ஒரு கணக்காவது போட்டு வெளியிடட்டும். அந்தக் கணக்கைக் கேட்டு உங்கள் பத்திரிகை ஒரு தலையங்கம் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்