செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், உடன் வந்திருக்கும் குடும்பத்தினருக்கும் வணக்கம்.

மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் படிப்படியாக முற்றிவரும் உறுப்பினர்களுக்கான நினைவாற்றல், கவனப் பயிற்சி வகுப்பே இவ்வாண்டில் நம் சங்கத்தின் முதன்மைப் பணியாக இருந்தது. நடை தளர்வதைக் கண்டு பதறும் வீட்டார், சொன்னதை மறப்பதையும் பேச்சின் நடுவே சொல் கிடைக்காமல் தவிப்பதையும் சோம்பல் என்றோ அக்கறையின்மை என்றோ எண்ணிவிடுகிறார்கள். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மைலின் என்னும் காப்புறையும் நாளடைவில் இழைகளுமே சிதைவதால் மூளையில் செய்தி செல்லும் வேகம் குறைகிறது என்பதைக் கூட்டந்தோறும் வலியுறுத்தினோம். 1868-இல் இந்நோயை விவரித்த பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்கோவே நினைவு மங்குவதையும் குறிப்பிட்டிருக்கிறார்.

பயிற்சியால் குணமாகுமா என்று பலரும் கேட்டார்கள். ஆறு நாடுகளில் இந்நோய் முற்றிவரும் 311 பேரிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான காக்எக்ஸ் என்னும் ஆய்வில், கணினிவழி அறிவாற்றல் பயிற்சியும் உடற்பயிற்சியும் வாரம் இருமுறையாக 12 வாரம் அளிக்கப்பட்டன. 90 வினாடியில் குறிகளுக்கு உரிய எண்களைச் சொல்லும் சோதனையில், இரண்டையும் செய்தவர்கள், இரண்டில் ஏதேனும் ஒன்றை மட்டும் செய்த இரு பிரிவினர், ஒப்பீட்டுக்காக எளிய மாற்றுப் பயிற்சி மட்டும் பெற்றவர்கள் என நான்கு பிரிவினரும் முன்னேறினார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் மற்றவர்களை விஞ்சவில்லை. ஆகவே விலையுயர்ந்த மென்பொருளுக்குக் கடன் வாங்க வேண்டாம் என்பதும், தொடர்ந்து செய்யும் பயிற்சியைக் கைவிட வேண்டாம் என்பதும் செயற்குழுவின் உறுதியான கருத்து.

நம் வகுப்பு அன்றாட வேலைகளைச் சார்ந்தே அமைந்தது. புதுச்சேரியின் பெரிய சந்தையான குபேர் அங்காடிக்குச் செல்லும் உறுப்பினர் ஒருவர், காய்கறி, மளிகை, பூ எனத் தாம் நடக்கும் வழியின் வரிசையிலேயே பட்டியல் எழுதி, வாங்கியதை அங்கேயே அடித்துவிடப் பழகினார். இப்போது மனைவியின் துணையின்றிச் சென்று வருகிறார். வெயில் ஏறினால் நரம்புச் செய்தி மேலும் தடுமாறும் என்பதால் கத்திரி நாட்களில் வகுப்பைக் காலை ஏழு மணிக்கு மாற்றினோம். நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின், தெருக்களில் நீர் வடியும்வரை தொலைபேசியில் பயிற்சி நடந்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. சான்றிதழுக்குச் செல்வோர் நடைக்குறைவை மட்டும் கூறாமல், மறதியையும் கவனக்குறைவையும் நரம்பியல் மருத்துவரிடம் எழுத்தில் பதிவு செய்யுமாறு வேண்டுகிறேன். வரும் ஆண்டில் பராமரிப்போருக்கெனத் தனி வகுப்பு தொடங்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் முன்வைப்பார். இவ்வறிக்கையைப் பேரவை ஏற்றருளக் கோருகிறேன்.

செயலாளர், புதுச்சேரி